கேட்டு வாசலில் குத்துப்பட்ட பழங்கள்

பம்பளிமாஸ் பழத்துக்குள் இரும்புக் கம்பி இறங்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். முதலில் தோல் சரக்கென்று கிழியும். அடுத்து அந்தத் தடித்த வெள்ளைச் சதைக்குள் கம்பி ஓசையில்லாமல் போகும். பிறகு சுளை உடைந்து, இழுக்கும்போது சாறு கம்பியோடு வெளியே வரும். எண்பது வயதைத் தாண்டி சிரம்பானில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காது பாதி போய்விட்டது. அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை. போன மாதம் மகள் வீட்டு விருந்துக்குக் கடையிலிருந்து பழத்தட்டு வந்தது. தர்பூசணியைப் பூவாகச் செதுக்கி, நடுவில் திராட்சையைக் குவித்து, மேலே கண்ணாடித் தாள் சுற்றி அனுப்பியிருந்தார்கள். "எப்படிம்மா இருக்கு, அழகா இல்ல?" என்று மகள் கேட்டாள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் சின்னம்மா அடுக்கிய தட்டைப் பார்த்தவளுக்கு இதெல்லாம் அழகா என்று ஒரு பக்கம். அந்தத் தட்டுக்கு நேர்ந்த கதியை நினைத்து இன்னொரு பக்கம்.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவையும் சின்னம்மாவின் புருஷனையும் ஒரே லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையில்லாத சின்னம்மா என்னை எடுத்துக்கொண்டாள். வெள்ளைக்காரன் திரும்பி வந்து தோட்டத்தைத் திறந்ததும் நான் ரப்பர் மரம் சீவப் போனேன். சின்னம்மா தொரை பங்களாவில் சமையல் கட்டு வேலைக்குப் போனாள். தம்பினிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் அது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வாய் கசக்கும்.

பங்களாவில் விருந்து என்றால் பழத்தட்டு சின்னம்மாவின் பொறுப்பு. மேசையில் பாதியை அடைக்கும் அளவுக்கு ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அதன் மேல் முதலில் பெரணி இலைகளை, நுனி வெளியே பார்க்கிற மாதிரி பரப்புவாள். அன்னாசியைக் கொண்டையோடு நடுவில் நிறுத்துவாள். கண்களைச் சாய்வாகச் செதுக்கி எடுப்பதால் அன்னாசியின் உடம்பில் மேலிருந்து கீழ் வரை வரிவரியாகப் பள்ளம் ஓடும். பப்பாளியைப் படகு போல் அரிந்து, விதையைச் சுரண்டிவிட்டு, அந்தக் குழிக்குள் கோலிக்குண்டு போன்ற லங்சாட் பழங்களைக் கொட்டுவாள். மங்குஸ்தானின் மேல் ஓட்டை மட்டும் தொப்பி கழற்றுவது போலக் கழற்றி, உள்ளே வெள்ளைச் சுளை தெரிகிற மாதிரி சுற்றி வைப்பாள். வாழைப்பழத்தைத் துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வராது. புளிப்புக்குப் பக்கத்தில்தான் இனிப்பு இருக்கும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொரையம்மா ஒரு தடவை புத்தகத்தில் படம் காட்டினாளாம். அதைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் படத்துல இருக்கறவ திராட்சையைக் கொட்டி வச்சிருக்காடி, அடுக்கத் தெரியல" என்று சிரித்தாள்.

அவசரகாலம் வந்ததும் சிரிப்பு நின்றது. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சொல்லி எங்களைப் பிடித்து அடைத்தார்கள். ஆற்றோரம் வரிசை வீடுகளாக இருந்த பழைய லயங்களைக் காலி செய்து, தொழிற்சாலையைச் சுற்றிப் புது லயம் கட்டி, முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். விடிந்து மரம் சீவப் போகிறவள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. பாலில்லாத, சீனியில்லாத தேத்தண்ணி மட்டும் போகலாம். டின் எதையும் கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான், சேர்த்து வைக்க முடியாமல் கெட்டுப்போகட்டும் என்று. நான் வெறும் வயிற்றோடு மரத்துக்கு மரம் ஓடியிருக்கிறேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்தது நமக்கும் என்று இருந்தேன்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பழைய லயத்து வாசல்களில் எங்கள் மரங்கள் நின்றன. என் அப்பா வைத்த ரம்புத்தான் ஒன்று, சின்னம்மா கொட்டை போட்டு வளர்த்த பப்பாளிகள், கொல்லை வாழை. வேலிக்கு வெளியே போய்விட்டதால் நாங்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சுடலாம் என்று உத்தரவு. ஆனால் விருந்துக்கு முந்தின நாள் பங்களா ஜீப் துப்பாக்கிக்காரர்களோடு போய் அந்த மரங்களை உலுக்கிக்கொண்டு வரும். சின்னம்மா தன் பப்பாளியைத் தானே அரிந்து, என் அப்பா வைத்த மரத்து ரம்புத்தானைத் தானே அடுக்கி, வெள்ளைக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் வைப்பாள். சில சனிக்கிழமைகளில் தட்டு காரில் ஏறி ஊர்க் கிளப்புக்குப் போகும். கார் வந்தால் கிராணியே ஓடிவந்து கேட்டுக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பழம் காட்டுக்குப் போகாதாம். எங்கள் கையில் இருந்தால்தான் போகுமாம்!

இந்தக் கிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். நம் ஆள்தான், நம் பாஷை பேசுகிறவர்தான், எங்கள் மாரியம்மனுக்கு முதல் தேங்காய் அவர் கையால்தான் உடைபடும். அவர் செய்ததைப் பற்றிப் பின்னால் சிலர், "பாவம், அவரும் பயந்துதானே செஞ்சாரு" என்றார்கள். இல்லை. பயந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தினமும் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை.

எனக்குக் கெமாஸ் ஊரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ரயில்வேயில் வேலை, ரயில்வே வீடு. சின்னம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! "நீயாச்சும் இந்தக் கம்பிக்கு வெளியே போடி. அங்க கேட்டு இல்ல. வேணும்ங்கறப்ப பாசாருக்குப் போலாம், ஆக்கித் திங்கலாம்" என்று வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். வழக்கப்படி நிச்சயம் பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் வெளியாட்கள் கூட்டமாக உள்ளே வரக் கூடாது என்று தொரை சொல்லிவிட்டார். அதனால் நாங்களே தட்டு எடுத்துக்கொண்டு கெமாஸுக்குப் போவதென்று பேசி முடித்தார்கள். பழம் எடுத்துப் போகத் தொரையிடம் அனுமதியும் வாங்கியாயிற்று.

பழத்தையும் வெற்றிலையையும் தம்பின் பாசாரில், அந்த ஊர்ச் சந்தையில், வாங்கி வந்தோம். போகும் வழியில் தம்பின்தானே, அங்கேயே வாங்கி அப்படியே ரயிலேறியிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். வழியில் வாங்கியது சீர் ஆகாது. பெண் வீட்டு வாசலில் அடுக்கி, விளக்கு ஏற்றி, குலசாமிக்குக் காட்டிவிட்டுக் கிளம்புகிற தட்டுதான் சீர். பழம் முழுசாக இருக்க வேண்டும், நகக்கீறல்கூட ஆகாது. சின்னம்மா அறுத்துச் செதுக்காமல் அன்றைக்குத் தட்டு அடுக்கினாள். பம்பளிமாஸைக் கோபுரமாக வைத்து, அன்னாசியைக் கொண்டையோடு சாய்த்து, வாழைச்சீப்பை விசிறி போல விரித்து, இடைவெளியெல்லாம் வெற்றிலையைச் செருகினாள். தாலி இழந்தவள் கை படலாமா என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். "வெள்ளக்காரன் வீட்டுக்கு அடுக்கற கை எம்பொண்ணுக்கு அடுக்கக் கூடாதா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவ்வளவு அழகான தட்டுகளைப் பங்களாவில்கூட அவள் வைத்ததில்லை.

கேட்டுக்கு வந்தோம். காவலுக்கு நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிள் எங்களைத் தெரிந்தவர்தான். அனுமதி இருக்கிறது என்றதும் கட்டையைத் தூக்கப் போனார். அதற்குள் ஆபீஸிலிருந்து கிராணி இறங்கி வந்தார். தட்டுகளைச் சுற்றி வந்து பார்த்தார். "பம்பளிமாஸ் ஒரு மாசம் ஆனாலும் கெடாது, தெரியும்ல? காட்டுக்காரன் கையில கெடைச்சா? டின்னை ஓட்டை போட்டுத்தானே விடறோம், இதையும் அப்படித்தான் விடணும்" என்றார். சின்னம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. "சாமிக்குக் காட்டின சீருங்க, கிராணியாரே. தொரை சரின்னுட்டாரே" என்றாள். "தொரை பழம் போலாம்னுதான் சொன்னாரு. முழுசாப் போலாம்னு சொல்லல" என்றார். கான்ஸ்டபிள், "பழம்தானே, விடுங்கலா கிராணி" என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். அரிசி மூட்டைக்குள் குத்திப் பார்க்கிற கம்பி ஒன்று கேட்டு ஓரத்தில் சாய்ந்திருந்தது. கான்ஸ்டபிள் அதைத் தொடவில்லை. கிராணியே எடுத்தார்.

ஒவ்வொன்றாகக் குத்தினார். பம்பளிமாஸ், அன்னாசி, எலுமிச்சைகூட விடவில்லை. அவசரமே இல்லை அவருக்கு. குத்திவிட்டுக் கம்பியை வெற்றிலையில் துடைத்தார். தட்டு என் கையில் இருந்தது; ஒவ்வொரு குத்துக்கும் என் கை இறங்கி ஏறியது. பாவி, தட்டையாவது கீழே வாங்கி வைத்துக் குத்தியிருக்கலாம். கல்யாணப் பெண் கையில் பிடித்திருக்கும்போதா குத்துவான்? சின்னம்மா வேண்டாம் வேண்டாம் என்று அவர் காலைத் தொடக் குனிந்தாள். நான்தான் தட்டை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் போனால் சகுனம் இன்னும் கெட்டது என்று கூட வந்த பெரியவர்கள் சொன்னார்கள். ரயிலில் சின்னம்மா தட்டுகளை மடியில் வாங்கி, ஒவ்வொரு பழத்தையும் ஓட்டை அடியில் போகிற மாதிரித் திருப்பி, மேலே வெற்றிலையை மாற்றிச் செருகினாள். கெமாஸ் வருவதற்குள் ஒரு ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. அவளுடைய வித்தை முழுவதும் அந்த ரயிலில் மறைப்பதற்கே செலவானது. "தெரியாதுடி, தெரியாது" என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். எத்தனை நேர்த்தி என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. வழக்கப்படி அந்தம்மா முதல் பழத்தை எடுத்து முந்தானையில் ஏந்தினாள். உச்சியில் இருந்த பம்பளிமாஸ் அது. சாறு முந்தானை வழியாக இறங்கி, பட்டுச் சேலையை நனைத்து, பாதத்தில் சொட்டியது. புரட்டிப் பார்த்தாள். அடுத்த பழத்தைப் புரட்டினாள். எல்லாவற்றையும் புரட்டினாள். "கேட்டுல குத்திட்டாங்கம்மா, நாங்க என்ன பண்ணுவோம்" என்று சின்னம்மா அழுதாள். "குத்தினதுகூடப் பெரிசில்ல. மறைச்சுக் கொண்டாந்தீங்க பாருங்க, அதான். இப்பவே இப்படின்னா நாளைக்கு எதையெல்லாம் மறைப்பீங்க?" என்றாள் அந்தம்மா. மாப்பிள்ளை எனக்கு எதிரில்தான் நின்றார். ரயிலை நிறுத்தக் கொடி பிடிக்கிற கை. அம்மாவை நிறுத்தத் தூக்க முடியவில்லை. நிச்சயம் வேண்டாம் என்று எங்கள் தட்டுகளை எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

வந்த பிறகு சின்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் மதிய விருந்து. பட்டாளத்து ஆபீசர்கள் வருகிறார்கள் என்று பெரிய தட்டாகக் கேட்டிருந்தார்கள். காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னிக்கு அவங்களுக்குத் தெரியட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று நடந்ததைச் சாயங்காலம் அவளே என்னிடம் சொன்னாள். இறைச்சி சுடுகிற கம்பியை எடுத்துத் தட்டில் இருந்த ஒவ்வொரு பழத்தையும் குத்தியிருக்கிறாள். மறைக்கவில்லை, ஓட்டைகளெல்லாம் மேலே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாள். வேலை போகும், ஜெயில்கூட வரும் என்று தெரிந்தேதான் செய்தாள். ஒரு மங்கல விருந்தில் குத்துப்பட்ட பழத்தை முன்னால் வைத்தால் எப்படி எரியும் என்று அவர்களும் ஒரு தடவை அறிய வேண்டும். அதுதான் அவள் எண்ணம். தட்டைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

தொரையம்மா குனிந்து பார்த்து, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாளாம். ஆபீசர்களுக்கு ஏதோ காகிதம் கொடுக்க வந்த கிராணி அங்கேதான் நின்றார். தட்டைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். அவருக்கா புரியாது? உடனே இங்கிலீஷில் எடுத்துவிட்டார்: இது எங்கள் ஆட்களின் வழக்கம், கல்யாண வீட்டில் நல்லது நடக்கப் பழத்தை இப்படித்தான் குத்தி வைப்போம், இவள் வீட்டிலும் கல்யாணம் வருகிறது என்று. இத்தனை வருஷம் பங்களாவில் இருந்தவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் விளங்கும். தொரையம்மா கைதட்டி, "பாகூஸ்! பாகூஸ்!" என்று மலாயில் பாராட்டியிருக்கிறாள். ஆபீசர் ஒருவர் அன்னாசி ஓட்டைக்குள் பிராந்தி ஊற்றியிருக்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே தின்று தீர்த்திருக்கிறார்கள். சின்னம்மா பாசாரில் பேசுகிற அரைகுறை மலாயில், வழக்கம் இல்லை, கேட்டில் இந்தக் கிராணிதான் குத்தினார் என்று சொல்ல வாயெடுத்தாளாம். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "எனக்கு எரியற மாதிரி அவங்களுக்கும் எரியும்னு நெனச்சேன் பாருடி. ஓட்டை விழுந்தா அவங்களுக்கு அது வெறும் ஓட்டைதான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

அவள் இதைச் சொல்லி முடிக்கும்போதே கிராணி லயத்துக்குள் வந்தார். கையில் ஒரு மூங்கில் கூடை. அதற்குள் ஆப்பிள். சிங்கப்பூரிலிருந்து ஐஸில் வைத்து வந்த பழம். லயத்துப் பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்த்தது. ஒரு கீறல் இல்லை. அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. "தொரையம்மா ஒம்மவ கல்யாணத்துக்குக் குடுத்தாங்க. நானும் கெமாஸ் வீட்ல ஆள் விட்டுப் பேசிட்டேன். முழுப் பழத்தோட திரும்ப வந்தா அவங்களுக்குச் சம்மதமாம். கேட்டுல ஒருத்தனும் தொட மாட்டான், நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கணக்கு நேராகிவிட்டது என்கிற சிரிப்பு.

சின்னம்மா கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நான் கம்பிக்கு வெளியே போக வேண்டும். அதற்காக அந்த ஆளின் கையிலிருந்தும் வாங்கத் துணிந்திருப்பாள். கை நீளவும் செய்தது. பாதியில் நிறுத்தி, "நீ சொல்லுடி. எடுத்துக்கிட்டுப் போவோமா?" என்று கேட்டாள். யார் கொடுத்தது, யார் தூக்கி வந்தது, யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எங்கள் மரத்தைப் பறித்துக்கொண்டவள் கொடுத்த பழம். எங்கள் தட்டைக் குத்தினவன் தூக்கி வந்த பழம். அதைக் கொண்டுபோனால்தான் என்னை மருமகளாக ஏற்பார்களாம். கெமாஸும் வேண்டாம், அந்த ரயில்வே வீடும் வேண்டாம்!

உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தேன். கிராணி ஒரு அடி பின்னால் போனார். நான் கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, உட்கார்ந்து, மேலே இருந்த ஆப்பிளை எடுத்து இரண்டாகப் பிளந்தேன். அதில் ஒரு துண்டை அரிந்து அவரிடம் நீட்டினேன். "இந்தாங்க கிராணியாரே. கல்யாணம் முடிஞ்சிருச்சு. சாப்பிட்டுப் போங்க" என்றேன். இத்தனை சனத்துக்கு முன்னால் வாங்காமலிருக்கவும் முடியவில்லை. வாயில் வைக்கவும் முடியவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் அடுத்த பழத்தை வெட்டினேன், அதற்கடுத்ததையும் வெட்டினேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

சின்னம்மா அசையாமல் நின்றிருந்தாள். அவளுடைய ஆசையைத்தான் நான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிராணியை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மெல்லிசா அரியுடி," என்றாள். "பிள்ளைங்க நெறைய இருக்கு."